அந்த வயலின் யாருடையது?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் நடந்தால் இளையராஜா பாட்டு காதில் விழாமல் இருக்காது. பாடியவர் பெயரைச் சட்டென்று சொல்லிவிடுவோம். இடையில் குழைந்து வருகிற வயலினை வாசித்தது யார் என்று கேட்டால் விழிப்போம்.

அப்படி வாசித்தவர்களில் ஒருவர் வி.எஸ்.நரசிம்மன். 1986இல் இளையராஜா, சினிமாவுக்கு வெளியே 'ஹவ் டு நேம் இட்?' என்ற இசைத்தொகுப்பைத் தந்தார். தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாஹுக்கும் காணிக்கையான அந்தத் தொகுப்பில் நரசிம்மனின் வயலின்தான் நாயகன். படத்துக்காக எழுதப்படாத அந்த இசையே பின்னர் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்துக்குப் பின்னணி இசையாகப் போய்ச் சேர்ந்தது.

நரசிம்மன் அதோடு நிற்கவில்லை. திரையிசைக் கூடத்தில் பழகிய கலைஞர்களைச் சேர்த்து 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்' குழுவைத் தொடங்கினார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ; மொத்தம் நான்கே பேர். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் ஹைடன் வளர்த்தெடுத்த இந்த அமைப்பில் இவர்கள் வாசித்தது தியாகராஜர் கீர்த்தனைகளை!

கேட்க எளிதாகத் தெரியும், செய்வது கடினம். கர்நாடக இசைக்கு உயிர் கமகம். ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். மேற்கத்திய இசையோ பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவைத்து அழகு காண்பது. அசைகிற ஸ்வரத்தோடு மற்ற ஸ்வரங்களை எப்படிப் பொருத்துவது? தப்பினால் ராகமே கலைந்துவிடும். அதனால் முதல் வயலின் கீர்த்தனையைக் கமகத்தோடு பாடுகிறது. மற்ற மூன்றும் அதே ராகத்தின் ஸ்வரங்களுக்குள் நின்று தாங்கிப் பிடிக்கின்றன.

பிள்ளையை வயலின் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு: கர்நாடகமா, மேற்கத்தியமா? ஒன்றைக் கற்றால் மற்றது கெட்டுவிடுமோ என்ற பயமும் உண்டு. இரண்டையும் மதித்து, இரண்டிலும் உழைத்தவர்கள் இந்த நால்வர். இந்த வார இறுதியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கீர்த்தனையைக் கேளுங்கள். முதலில் மேலே பாடும் வயலினை மட்டும் கவனியுங்கள். மறுமுறை அடியில் முனகும் செல்லோவைத் தேடுங்கள். அப்புறம் பழைய திரைப்பாடல்களைப் போட்டுப் பாருங்கள். இத்தனை நாள் கேட்காத வாசிப்பெல்லாம் கேட்கத் தொடங்கும்.