பனியில் ஓர் இரவு

பாரத தேசத்தின் படத்தை வரையச் சொல்லி, அதன் உச்சியில் பழுப்பு வர்ணம் தீட்டி, "இதுதான் நமது வடக்கு மதில்" என்று பையன்களுக்குப் பாடம் சொல்லாத ஆசிரியர் கிடையாது. ஆனால் அந்த மதிலின் மேலுள்ள பனியைக் கையால் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? இந்தக் கேள்வி ஒரு நாள் எங்கள் ஓய்வு அறையில் எழுந்தது. அதன் பயனாக, 2019-ம் வருஷம் பொங்கல் விடுமுறையுடன் சில நாட்களைச் சேர்த்துக்கொண்டு நாங்கள் நால்வர் வடக்கே புறப்பட்டோம். கணிதம், பூகோளம், விஞ்ஞானம், தேகப்பயிற்சி ஆகிய நான்கு பாடங்களும் ஒரே ரயிலில் பிரயாணம் செய்தன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டேராடூனிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மலைப்பாதையில் சென்றால், உத்தரகாசி ஜில்லாவில் சாங்க்ரி என்ற சிறு கிராமம் வருகிறது. சுமார் 12,500 அடி உயரமுள்ள கேதாரகாந்தா சிகரத்துக்கு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். அந்த ஊர் வாலிபர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார். அவர் பேசிய ஹிந்தியை, இரண்டொரு ஹிந்திப் பரீட்சைகளில் தேறியிருந்த பூகோள ஆசிரியர் எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

புறப்படும்போதே வழிகாட்டி ஓர் எச்சரிக்கை செய்தார். "பருத்தித் துணி எதுவும் உடம்பில் வேண்டாம். ஏறும்போது வேர்க்கும், நின்றவுடன் அந்த ஈரமே உங்களைக் கொல்லும்" என்றார். விஞ்ஞான ஆசிரியர் இதை ஆமோதித்தார். காற்றைக் காட்டிலும் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்தும். பருத்தியோ ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். நாங்கள் மூவரும் பனியனைக் கழற்றிப் பையில் வைத்தோம். தேகப்பயிற்சி ஆசிரியர் மட்டும் சிரித்தார். "இருபது வருஷமாக விடியற்காலையில் மைதானத்தில் நிற்கிறவன் நான். எனக்கா குளிர்?" என்றார்.

எல்லோருடைய மூட்டையிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி அவரே சுமந்துகொண்டு முன்னால் ஏறினார். மாலைக்குள் சுமார் 9,000 அடி உயரத்தில், ஜூடா கா தாலாப் என்னும் தடாகத்தின் அருகே கூடாரம் அடித்தோம். தடாகம் கண்ணாடிபோல் உறைந்து கிடந்தது. கிளைகளிலிருந்து பனி சரியும் ஓசையைத் தவிர அங்கே வேறு சப்தமே இல்லை.

சூரியன் மறைந்ததும் குளிர் இறங்கியது. எங்கள் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 8 டிகிரி காட்டியது. வழிகாட்டி பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சினார். பெரிய பாத்திரம் நிறையப் பனியைப் போட்டால் அடியில் கொஞ்சந்தான் தண்ணீர் தங்கியது. தாகத்துக்குப் பனியைத் தின்றால் என்ன என்று கேட்டோம். விஞ்ஞான ஆசிரியர் தலையை அசைத்தார். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு மாத்திரம் 80 கிலோகலோரி உஷ்ணம் வேண்டும். தின்றால், அந்த உஷ்ணத்தை நம் தேகமல்லவா கொடுக்க வேண்டும்? அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவர வழிகாட்டி சம்மதிக்கவேயில்லை. மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு வாசனையில்லாமல் ஆளைக் கொல்லும் விஷம்.

தலை மட்டும் வெளியே தெரியும்படி ஆளை உள்ளே விட்டு மூடும் படுக்கைப் பைகளில் புகுந்தோம். தூக்கம் வரவில்லை. கணித ஆசிரியர் வேடிக்கையாக வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னார். முறை வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தோம். "பதினாறெட்டு?" என்ற கேள்வி தேகப்பயிற்சி ஆசிரியரிடம் வந்தது. அவர் ஏதோ முணுமுணுத்தார். நாங்கள் சிரித்தோம். மறுபடி கேட்டபோது, நாக்குக் குழறிய ஒரு சப்தந்தான் வந்தது. சற்று முன்பு வரை அவர் பற்கள் கிட்டிக்கொண்டிருந்த ஓசை கேட்டது. இப்போது அதுவும் நின்றிருந்தது.

சிரிப்பு எங்கள் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நடுக்கம் என்பது உஷ்ணம் உண்டாக்குவதற்காக உடம்பு செய்யும் வேலை. குளிர் தீராமலே நடுக்கம் நின்றால், அபாயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். தேக உஷ்ணம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே போனாலே பேச்சு குழறும், விரல் தடுமாறும், புத்தி மயங்கும்.

கூவியவுடன் வழிகாட்டி ஓடி வந்தார். கம்பளிச் சட்டைக்கு உள்ளே கையை விட்டுப் பார்த்தார். வேர்வையில் நனைந்த பருத்திப் பனியன் அப்படியே இருந்தது! அதைக் கழற்றி உலர்ந்த உடையை மாட்டினோம். அடியில் எங்கள் விரிப்புகளையெல்லாம் அடுக்கினோம். வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி மார்போரத்தில் வைத்தோம். கை கால்களைத் தேய்க்கப் போனவரை வழிகாட்டி தடுத்தார். அசைக்காமல் மெள்ளச் சூடேற்ற வேண்டுமாம். விழுங்கும் நிதானம் வந்த பிறகு சர்க்கரை நிறையப் போட்ட சூடான தேநீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். இரண்டு பக்கமும் இருவர் ஒட்டிப் படுத்துக்கொண்டோம். நெடுநேரத்துக்குப் பிறகு அவர் மறுபடியும் நடுங்கத் தொடங்கினார். ஒரு மனிதர் நடுங்குவதைக் கண்டு நாங்கள் சந்தோஷப்பட்டது அந்த ஒரு ராத்திரிதான்.

விடியற்காலையில் அவராகவே, "நூற்றிருபத்தெட்டு" என்றார்.

"முன்னாலேயே ஏன் சார் சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"குளிருகிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது" என்றார்.

சிகரத்துக்குப் போகாமல் திரும்பினோம். எங்களில் ஒருவருக்கு அதில் வருத்தந்தான். ஆனால் வாய் திறக்கவில்லை. உச்சியிலிருந்து ஸ்வர்க்காரோஹிணி சிகரங்கள் தெரியும் என்கிறார்கள். அந்தப் பாக்கியம் எங்களுக்கு இல்லை.

நாங்கள் பட்டது ஒரே இரவு. 1984 முதல் நமது சைனியம் காவல் காக்கும் சியாச்சினில் இதைவிடப் பன்மடங்கு கொடிய குளிரில் வீரர்கள் மாதக்கணக்கில் இருக்கிறார்கள். 2016 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் சிக்கி உயிர் நீத்த மதராஸ் ரெஜிமெண்ட் வீரர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அவர்களை நினைத்தால் எங்கள் கஷ்டத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. "வலிக்கிறது என்று சொல்லாதே, பயமாயிருக்கிறது என்று சொல்லாதே" என்று நம் பிள்ளைகளுக்குத் தைரியம் கற்பிக்கிறோம். சிநேகிதனிடம் உள்ளதைச் சொல்லவும் தைரியம் வேண்டும் என்பதை யார் கற்பிக்கிறார்கள்? எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் இப்போது ஒரு புதுப் பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஓட்டம் முடிந்ததும் தேகப்பயிற்சி ஆசிரியர் பையன்களை வரிசையாக நிறுத்தி, "யாருக்காவது முடியவில்லையா? கையைத் தூக்குங்கள். வெட்கம் வேண்டாம்" என்கிறார்.