ஸ்கேன் எடுக்கும் கையும் 5 பாகை வித்தியாசமும்

எக்ஸ்ரே எடுக்கும்போது உடலைச் சரியாக நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் அந்தப் பகுதி மொத்தமும் ஒரே படத்தில் பதிவாகிவிடும். மருத்துவர் அதைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அப்படியல்ல. புரோப் எனப்படும் கைக்கருவி எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்த மெல்லிய துண்டு மட்டுமே திரையில் தெரியும். கை போகாத இடம் படத்திலும் இல்லை, அறிக்கையிலும் இல்லை. அதனால்தான் ஸ்கேன் எடுப்பவருக்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.

கருவி வேலை செய்யும் விதத்தை முதலில் பார்ப்போம். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். இதன் மறுபக்கமும் உண்மை: மின்சாரம் கொடுத்தால் அத்தகைய படிகம் அதிரும். புரோப்புக்குள் இருப்பது இந்தத் தத்துவமே. அது நம் காதுக்குக் கேட்காத ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பிடிக்கிறது. உடலின் மென்திசுக்களில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும். எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து ஆழத்தைக் கருவி கணக்கிடுகிறது. 1 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 13 மைக்ரோவிநாடி ஆகும். இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். தோலில் ஜெல் தடவுவது அதற்காகத்தான். கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயன் டோனால்டும் அவருடைய குழுவினரும் 1958இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே இந்த முறை மகப்பேற்று மருத்துவத்தில் வேரூன்றியது.

இயந்திரம் கணக்குப் போடும். ஆனால் கணக்குக்கு வேண்டிய கோணத்தைத் தருவது கைதான். இதை ஓர் உதாரணத்தில் பாருங்கள்.

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியில் அடைப்பு இருந்தால் பக்கவாதம் வரலாம். குழாய் குறுகிய இடத்தில் இரத்தம் வேகமாகப் பாயும் என்பதால் டாப்ளர் முறையில் அந்த வேகத்தை அளக்கிறார்கள். அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று 2003இல் வெளியிட்ட அளவுகோலின்படி, உச்ச வேகம் விநாடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டினால் அடைப்பு 70 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கலாம்.

ஒலி செல்லும் திசைக்கும் இரத்தம் ஓடும் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தை ஸ்கேன் எடுப்பவர்தான் திரையில் குறிக்க வேண்டும். உண்மையான கோணம் 65 பாகை. அவர் குறித்ததோ 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். கொசைன் கணக்கின்படி வேகம் சுமார் 15 சதவீதம் குறைவாகக் காட்டும். உண்மையில் 260 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் இரத்தம் திரையில் 220 என்று வரும். எல்லையைத் தாண்டியவர் எல்லைக்குள் இருப்பதாகத் தோன்றும். இதே 5 பாகைப் பிழை 30 பாகையில் நேர்ந்தால் வித்தியாசம் 5 சதவீத அளவுதான். கோணத்தை 60 பாகைக்கு மேல் போகவிடக் கூடாது என்று பயிற்சியில் வலியுறுத்துவதன் காரணம் இதுவே. மருத்துவர்கள் இந்த ஒரே எண்ணை நம்பி முடிவெடுப்பதில்லை, மற்ற அறிகுறிகளையும் பார்ப்பார்கள். ஆனாலும் அவர்கள் கைக்குப் போகும் எண் சரியாக இருக்க வேண்டாமா?

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளே, இயற்பியலும் கணிதமும் மருத்துவமனைக்குள் எங்கே வரும் என்று கேட்டால், இங்கேதான் வரும். மஸ்ஜித் தானா வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அறிவியல் வழி தூரத்தில் இல்லை; லோண்டாங்கிலேயே மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. நம் நாட்டில் ஸ்கேனைக் கதிரியல் மருத்துவர்களும் மகப்பேறு மருத்துவர்களும் எடுப்பார்கள். கூடுதல் பயிற்சி பெற்ற ‘ஜூரு எக்ஸ்ரே’ பணியாளர்களும் எடுப்பதுண்டு. எனவே பெரும்பாலோருக்கு முதல் படி மருத்துவப் படிமவியல் டிப்ளோமா அல்லது பட்டம். யூ.கே.எம்., யூ.ஐ.டி.எம். போன்ற பல்கலைக்கழகங்களில் இத்துறைப் படிப்பு உண்டு. அல்ட்ராசவுண்டில் தேர்ச்சி பெறுவது அதற்கு அடுத்த படி. தனியார் கல்லூரியில் சேருமுன் அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் பெற்றதா என்றும், சட்டம் 774இன் கீழ்த் தொழில் பதிவுக்கு ஏற்றதா என்றும் பெற்றோர் விசாரித்துக்கொள்வது நல்லது.

வகுப்பறையில் சொல்லித்தர முடியாத பாடங்களும் உண்டு. ஒன்று, ஒழுங்கு. கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம் என்று ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே வரிசையில் பார்த்துப் பழக வேண்டும். பித்தப்பையில் கல் கண்டதும் தேடலை நிறுத்திவிட்டால் அடுத்த உறுப்பில் உள்ளது தப்பிவிடும்.

இரண்டாவது, உடல். கையை நீட்டி அழுத்தியபடி நாள் முழுவதும் வேலை செய்வதால் தோள், கழுத்து, மணிக்கட்டு வலி இத்தொழிலில் உலகெங்கும் பரவலாக உள்ளது. நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்வதும் நோயாளியை அருகில் நகர்ந்து படுக்கச் சொல்வதும் முதல் நாளிலிருந்தே வரவேண்டிய பழக்கம்.

மூன்றாவது, முகம். வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க வந்த தாய் திரையைப் பார்ப்பதைவிட உங்கள் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார். இதயத்துடிப்பு தெரியவில்லை என்றால் நீங்கள் பதறக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. “மருத்துவரும் ஒருமுறை பார்க்க வேண்டும், இருங்கள் அம்மா” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, அவரைக் காக்கவைக்காமல் மருத்துவரை அழைத்துவர வேண்டும்.

அடுத்த முறை நீங்களோ வீட்டில் ஒருவரோ ஸ்கேன் எடுக்கப் போனால் அந்தக் கையைக் கவனியுங்கள். “மூச்சைப் பிடியுங்கள், இந்தப் பக்கம் திரும்பிப் படுங்கள்” என்று அவர் மறுபடியும் மறுபடியும் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். விலா எலும்பின் நிழலில் மறைந்திருக்கும் இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவர் அப்படிச் சொல்கிறார்.