கடல் தாண்டும் முன் ஒரு நிமிடம்!



டிப்ளமா முடித்ததும் நம்மில் பலர் வாயில் வரும் முதல் வார்த்தை "துபாய்". அடுத்தது சவூதி, கத்தார், சிங்கப்பூர். போவதில் தவறே இல்லை. எப்படிப் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் எங்கள் தெருவில் யாருக்கு விசாத் தாள் வந்தாலும், "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்று என்னிடம் நீட்டுவார்கள். அப்படிப் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பாஸ்போர்ட்

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கும். (கிழக்குக் கடற்கரைச் சாலை என்று நினைத்துவிடாதீர்கள்!) அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தரும் முன் வேலை ஒப்பந்தம், சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

நமக்கு அந்தக் குறிப்பு கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த என் அப்பா போனால், அவருடைய ஒப்பந்தத்தை அரசாங்கம் ஒருமுறை பார்க்கும். நான் போனால் அந்தச் சோதனை இல்லை. "படிச்ச பையன், அவனே பாத்துக்குவான்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆகவே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏஜெண்ட்

உரிமம் பெற்ற ஏஜெண்டுக்கு மத்திய அரசின் பதிவு எண் உண்டு. 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் தேடினால் உண்மையா, போலியா என்று தெரிந்துவிடும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. ரசீதும் தர வேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ரசீது இல்லாமல் லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. அங்கும் பதிவு செய்யலாம்.

விசா

என் பெரியப்பா மகன் ஏ.சி. மெக்கானிக் வேலை என்று நம்பிப் போனார். பெரியம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனது. கையில் கொடுத்தது விசிட் விசா. அங்கே கிடைத்ததோ மூட்டை தூக்கும் வேலை. விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம் என்பதால் சம்பளம் தராதபோது புகார் கொடுக்கவும் பயம். மூன்று மாதத்தில் திரும்பினார். நகை இன்னும் திரும்பவில்லை. "அங்க போனதும் மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, இண்டர்வியூ கிடையாது, டிக்கெட் இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் உஷார்! அப்படிப் போனவர்களை மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடி வேலையில் அடைத்துவைத்தார்கள். 2022-லேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானத்தில் மீட்டுவர வேண்டியிருந்தது.

பெட்டி

கசகசா நமக்குக் குருமாவில் போடும் சாமான். அமீரகத்திலும் சவூதியிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். கோடீன், டிரமடால் கலந்த மருந்துகளுக்கு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். எந்த மருந்தானாலும் டாக்டர் சீட்டுடன் கொண்டுபோங்கள். "ஊறுகாய்தான், என் தம்பி வந்து வாங்கிக்குவான்" என்று தெரியாதவர் பார்சல் தந்தால், முகத்தை முறித்தாலும் பரவாயில்லை, வாங்காதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்குச் சிங்கப்பூரிலும் சவூதியிலும் மரண தண்டனை உண்டு.

போய்ச் சேர்ந்த பின்

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது அமீரகம், சவூதி, கத்தார் சட்டங்களின்படியே தவறு. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் ஒன்று, பெட்டியில் ஒன்று, போனில் ஒன்று வையுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், அடுத்து இந்தியத் தூதரகம். ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் அங்கே தருவார்கள். சம்பளப் பாக்கி போன்ற குறைகளை 'மதத்' இணையதளத்தில் வீட்டிலிருப்பவர்களும் பதியலாம்.

நண்பர்களே, புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் தெருவில் படிக்கத் தெரியாதவர் ஒரு தாளை நீட்டினால், வேலை இருக்கிறது என்று சொல்லாமல் உட்கார்ந்து படித்துச் சொல்லுங்கள். நாம் படித்த படிப்புக்கு அதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

விழிப்போடு போவோம், நலமோடு திரும்புவோம்!

– இறுதியாண்டு, இயந்திரவியல் துறை