அதிகாரம் இல்லாத பதவிக்கு ஏன் இத்தனை அடிதடி?

பிரிட்டனின் தொழிற்கட்சியில் துணைத் தலைவர் பதவிக்கு அதிகாரம் குறைவு. தேசிய செயற்குழுவில் ஓர் இடம் உண்டு. துணைப் பிரதமர் பதவிகூடத் தானாக வந்துவிடாது. 2007-இல் வென்ற ஹாரியட் ஹார்மனுக்குப் பிரதமர் கோர்டன் பிரவுன் அதைக் கொடுக்கவில்லை.

ஆனால் ஒரு வசதி: உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவரைத் தலைவர் நினைத்தாலும் நீக்க முடியாது. 2019-இல் துணைத் தலைவர் டாம் வாட்சனை அசைக்க வழி தெரியாமல், பதவியையே ஒழித்துவிடலாம் என்று செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். கடைசியில் தலைவர் ஜெரமி கோர்பினே தலையிட்டு அதைக் கைவிடச் செய்தார். தலைமை மீதுள்ள கோபத்தைத் தலைவரைக் கவிழ்க்காமல் காட்ட, கட்சிக்காரர்களுக்கு இந்தத் தேர்தல் தோதானது.

1981 தேர்தல் இன்றும் பேசப்படுகிறது. அதுவரை தலைவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் எம்.பி.க்கள் மட்டுமே. அந்த ஜனவரியில் வெம்ப்ளியில் கூடிய சிறப்பு மாநாடு, தொழிற்சங்கங்களுக்கு 40 சதவீதம், எம்.பி.க்களுக்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30 என்று வாக்கைப் பங்கு போட்டது. இது பிடிக்காமல் சில மூத்த தலைவர்கள் வெளியேறித் தனிக்கட்சி கண்டார்கள். ஏப்ரலில் இடதுசாரி டோனி பென், துணைத் தலைவர் டெனிஸ் ஹீலிக்கு எதிராகக் களமிறங்கினார். தலைவர் மைக்கேல் ஃபுட் வேண்டாமென்று தடுத்தும் கேட்கவில்லை. 1976-இல் நிதியமைச்சராக இருந்து, சர்வதேச நிதியத்தின் கடனுக்காக அரசுச் செலவைக் குறைத்தவர் ஹீலி. அந்த வடு ஆறவே இல்லை.

சங்கங்கள் அப்போது லட்சக்கணக்கான வாக்குகளை மொத்தமாக ஒரே பக்கம் போடலாம். பொதுத்துறை ஊழியர் சங்கம் உறுப்பினர்களையே கேட்டபோது அவர்கள் ஹீலியைச் சொன்னார்கள். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கமோ முதல் சுற்றில் மூன்றாமவரான ஜான் சில்கினுக்குப் போட்டு, இரண்டாம் சுற்றில் பென் பக்கம் தாவியது. செப்டம்பர் 27-இல் பிரைட்டனில் முடிவு வந்தது: ஹீலி 50.4, பென் 49.6. இரண்டாம் சுற்றில் வாக்களிக்காமல் ஒதுங்கிய இடதுசாரி எம்.பி.க்களே பென்னைத் தோற்கடித்தார்கள் என்பேன். அவர்களில் ஒருவரான நீல் கின்னக் இரண்டே ஆண்டில் கட்சித் தலைவரானார். 1983 பொதுத்தேர்தலில் பென் பிரிஸ்டலில் தோற்றார். கட்சிக்குக் கிடைத்தது 209 இடம்தான்.

அந்தப் பங்கீட்டு முறை 2014-இல் ஒழிந்து, ஆளுக்கொரு வாக்கு வந்தது. ஆனாலும் 20 சதவீத எம்.பி.க்கள் முன்மொழிந்தால்தான் போட்டியிட முடியும். வடிகட்டும் உரிமையை எம்.பி.க்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

2025 செப்டம்பரில் வீடு வாங்கியதற்கான முத்திரை வரிச் சிக்கலில் துணைத் தலைவர் ஆஞ்சலா ரெய்னர் விலகியபோது, அந்த வடிகட்டியைத் தாண்டியவர்கள் இருவர்: கல்வியமைச்சர் பிரிட்ஜெட் ஃபிலிப்சன், ரெய்னர் விலகிய நாளிலேயே அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்ட லூசி பவல். அரசின் ஆளாகப் பார்க்கப்பட்ட ஃபிலிப்சன் தோற்றார். பவல் 54 சதவீதம் பெற்று வென்றார். பிரதமர் ஸ்டார்மருக்கு இது சூடு என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் வாக்குரிமை உள்ளவர்களில் வாக்களித்தவர்கள் சுமார் 17 சதவீதம்தான். அதைக் கட்சியின் தீர்ப்பு என்று சொல்வது மிகை.