கட்டியதைக் கலைப்பது யார்?

பிள்ளைகள் ‘பிளாக்ஸ்’ என்று சொல்லும் இணைப்புக் கட்டைப் பெட்டி வகுப்பறைக்குள் வந்ததும் ஒரு வழக்கும் கூடவே வந்துவிடுகிறது. கட்டி முடித்ததை அப்படியே வைத்திருப்பதா, பிரித்துப் பெட்டியில் போடுவதா? வீட்டில் இது பெரிய வழக்கு இல்லை. பிறந்தநாளுக்கு வாங்கிய பெட்டியில் உள்ள காரை அட்டைப்படத்தில் இருப்பதுபோலவே கட்டி, டிவி பக்கத்தில் வைத்துவிட்டால் யாருக்கும் இழப்பில்லை. முப்பது பேருக்கு ஒரே பெட்டி என்னும் வகுப்பில் அப்படி வைக்க முடியாது. முதல் நாள் ஐந்து பேர் கட்டியதைக் காப்பாற்றினால் மறுநாள் இருபத்தைந்து பேருக்குக் கட்டை இருக்காது.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. அது நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். பெட்டி பிரிக்கப்படாமலே பீரோவில் இருக்கும். இருப்புப் பதிவேட்டில் எழுதியாயிற்று, ஒரு துண்டு தொலைந்தாலும் யார் பதில் சொல்வது என்ற பயம். கணித உபகரணப் பெட்டிக்கும் சில பள்ளிகளில் இதே கதிதான். முழுசாக இருக்கும் பெட்டி பார்வையிட வருபவருக்குக் காட்ட உதவும். பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே அதை விட்டுவிட்டு, திறந்த பெட்டியைப் பற்றிப் பேசுவோம்.

இரண்டு கட்டை, 24 வழி

பிரிப்பதில் என்ன பாடம் இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு வரிசைக்கு நான்காக, இரண்டு வரிசையில் எட்டுக் குமிழ் உள்ள கட்டைகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நிறம். ஒன்றின்மேல் ஒன்றை எத்தனை விதமாகப் பொருத்தலாம்? நான்காம் வகுப்பில் கேட்டால் ‘மூணு’, ‘அஞ்சு’ என்று தொடங்குவார்கள். விடை 24.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் இதை விளக்கியும் காட்டலாம். மேல் கட்டையைக் கீழ்க் கட்டைக்கு இணையாக வைத்தால் 21 இடங்களில் பொருத்தலாம் (அகலவாட்டில் 3, நீளவாட்டில் 7). குறுக்காக வைத்தால் 25 இடங்கள் (5 × 5). ஆனால் மேசையில் வைத்தபடியே அரைச்சுற்று சுற்றிப் பார்த்தால் பல அமைப்புகள் ஒன்றாகிவிடும். இணையாக வைத்த 21-இல், நேர்மேலே பொருந்தும் ஒன்று தனி, மற்ற 20-உம் பத்து இணைகள். ஆக 11. குறுக்கே வைத்த 25-இல் நடு மையத்தில் பொருந்துவது தனி, மற்ற 24-உம் பன்னிரண்டு இணைகள். ஆக 13. கூட்டினால் 24. கட்டைகள் மூன்றானால் 1,060 வழிகள். ஆறானால் 91,51,03,765. இந்தக் கடைசி எண்ணைக் கரும்பலகையில் எழுதி, கோடி, லட்சம் பிரித்துப் படிக்கச் சொன்னாலே ஐந்தாம் வகுப்புக்கு இடமதிப்புப் பாடம் ஆயிற்று.

கையில் இருப்பது இரண்டே கட்டை என்றால், 24 வழிகளையும் காண 23 முறை பிரித்தாக வேண்டும். முதல் அமைப்பைக் காப்பாற்ற நினைப்பவருக்கு இரண்டாவது அமைப்பு கிடைக்காது. தொடக்க வகுப்பில் இதன் பயன் இன்னும் அடிப்படையானது. எட்டுக் கட்டையைக் கோபுரமாக அடுக்கினாலும் சுவராக நீட்டினாலும் பிரித்துக் கொட்டினாலும் எட்டுதான் என்பது நமக்கு வெளிப்படை, ஆறு வயதில் வெளிப்படை இல்லை. செய்ததை மனத்தில் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் திறனைப் பியாஜே மீள்தன்மை என்று விளக்கியதை பி.எட். படிப்பில் எல்லோரும் எழுதித் தேறியிருக்கிறோம். கூட்டலும் கழித்தலும் ஒன்றின் மறுபக்கம் மற்றொன்று என்பதைக் கட்டுவதும் பிரிப்பதும் கையாலேயே காட்டிவிடுகின்றன.

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் இருந்து வந்த லெகோ கட்டைக்கு 1958 ஜனவரி 28-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதன் சிறப்பு அடிப்பக்கத்துக் குழாய்கள். மேல் குமிழைக் கெட்டியாகப் பிடிக்கவும் வேண்டும், குழந்தையின் விரல் வலுவுக்குப் பிரிந்து வரவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் அதில் கடினம். அந்த ஆண்டின் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்துகிறது.

இன்றைய பெட்டிகளோடு படிப்படியான விளக்கத் தாள் ஒன்றும் வருகிறது. பேஜ் மொரோ, மாரிட் எங்செட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. விளக்கத் தாளைப் பார்த்துக் கட்டியவர்கள், அடுத்து வந்த படைப்பாற்றல் பணியில், தம் விருப்பப்படி கட்டியவர்களைவிடப் பின்தங்கினார்கள். அதற்காகத் தாளைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வரைபடம் பார்த்து வேலை செய்வதும் ஒரு திறமைதான். நம் பிள்ளைகளில் பலர் நாளை ஐ.டி.ஐ.யில் அதைத்தான் செய்யப்போகிறார்கள். ஒருமுறை தாளின்படி கட்டட்டும். அதோடு நிற்காமல், பிரித்து அதே துண்டுகளில் வேறொன்று கட்டட்டும்.

சிற்றில் சிதைத்தல்

இவ்வளவும் பிரிப்பதற்கான வாதம். ஆனால் மணி அடிக்கும்போது “எல்லாத்தையும் பிரிச்சுப் பெட்டியில போடுங்க” என்று நாம் சொன்னதும், சில பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த வாரம் பெட்டியைத் திறந்தால் அந்தப் பிள்ளைகள் முன்போல ஓடி வருவதில்லை.

தமிழுக்கு இது பழைய விஷயம். சிறுமிகள் மணலில் கட்டும் சிறுவீட்டுக்குச் சிற்றில் என்று தனிப்பெயரே உண்டு. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்று சிற்றில் பருவம். தாங்கள் கட்டிய சிற்றிலைக் காலால் சிதைக்க வேண்டாம் என்று சிறுமிகள் கெஞ்சுவதாகவே அந்தப் பருவம் முழுதும் அமையும். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழியில் ஆண்டாளின் தோழியர் கண்ணனிடம் கேட்பதும் இதையே. கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலிப் பாடல் ஒன்றில், வளர்ந்துவிட்ட பெண்ணொருத்தி ஒருவனைத் தன் தோழிக்கு அடையாளம் சொல்கிறாள். அவள் முதலில் நினைவுபடுத்துவது சிறுவயதில் தெருவில் தங்கள் மணற்சிற்றிலை அவன் காலால் சிதைத்ததைத்தான். மணல்வீடு எப்படியும் மாலைக்குள் கலையும் என்பது அந்தச் சிறுமிகளுக்குத் தெரியாதா? தெரியும். அவர்களின் வழக்கு வீடு கலைவதைப் பற்றியது அன்று, வேறொருவர் கால் கலைப்பதைப் பற்றியது.

2008-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஓர் அளவே தருகிறது. டான் ஏரியலி, எமிர் காமெனிட்சா, டிராசென் பிரெலெக் மூவரும் மாணவர்களிடம் லெகோ பொம்மைகளைக் கூலிக்குக் கட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் கூலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், விரும்பும்போது நிறுத்திக்கொள்ளலாம். ஒரு குழுவினர் கட்டிய பொம்மைகள் எதிரே மேசையில் வரிசையாக நின்றன. மற்றக் குழுவில், அடுத்த பொம்மையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே முந்தியதை அவர்கள் கண்ணெதிரில் பிரித்தார்கள். இரு குழுவுக்கும் கூலி ஒன்றுதான். முதல் குழு சராசரியாக 10.6 பொம்மைகள் கட்டியது, இரண்டாவது குழு 7.2-இலேயே நிறுத்திக்கொண்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, கடைசியில் எல்லாம் பிரிக்கப்படும் என்று முதல் குழுவுக்கும் முன்பே சொல்லியிருந்தார்கள் என்பதுதான். பிரிக்கப்படப்போவது தெரிந்தும் அவர்கள் ஆர்வம் குறையவில்லை. கண்முன்னே, உடனே, வேறொருவர் கையால் பிரிக்கப்பட்டபோதுதான் குறைந்தது.

காசு வாங்கிய பெரியவர்களுக்கே இப்படியென்றால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம்பர் போட்டுப் பிரிப்பது

கிண்டர்கார்டன் என்னும் பெயரைத் தந்த ஃப்ரோபெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அவருடைய மூன்றாவது ‘பரிசு’ ஒரு மரப்பெட்டி. உள்ளே எட்டுச் சிறு கனசதுரங்கள் சேர்ந்து ஒரு பெரிய கனசதுரமாக இருக்கும். பெட்டியைக் கவிழ்த்துத் தூக்கினால் முழுக் கனசதுரம் குழந்தையின் முன் நிற்கும். முழுமையில் தொடங்கி, பிரித்து, விளையாடி, மீண்டும் முழுமையாக்கி மூட வேண்டும். ஓர் உருவத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இடித்துத் தள்ளக் கூடாது, ஒவ்வொரு துண்டாக நகர்த்தி நாற்காலியைப் படிக்கட்டாக்க வேண்டும். 1939 முதல் 1946 வரை இந்தியாவில் தங்கி, சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மாண்டிசோரியின் முறையிலும், பத்துக் கனசதுரக் கோபுரத்தைக் கட்டிய பிள்ளையே அதைப் பிரித்து எடுத்த இடத்தில் வைக்கும். அங்கே பிரிப்பதும் வேலையின் ஒரு பகுதி. ஆயாம்மா பெருக்கும்போது கொட்டி அள்ளுவது அதில் சேராது.

எங்கள் துவாக்குடியில் இதற்கு ஃப்ரோபெல்கூடத் தேவையில்லை. 1965 முதல் கொதிகலன் செய்துவரும் பெல் தொழிற்சாலையும், அதைச் சுற்றி வளர்ந்த பேப்ரிகேஷன் பட்டறைகளும் உள்ள ஊர் இது. கொதிகலனை முழுதாகக் கட்டி லாரியில் ஏற்ற முடியாது. பகுதி பகுதியாகச் செய்து அனுப்பி, மின்நிலையம் அமையும் இடத்தில்தான் எழுப்புகிறார்கள். பட்டறையில் சில வேலைகளை ஒருமுறை சேர்த்துப் பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு அடையாள எண் போட்டு, பிறகு பிரித்து ஏற்றுவது வழக்கம். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன், குழுவாகக் கட்டிய பாலத்தைப் பிரிக்கச் சொன்னபோது, “இருங்க டீச்சர், எங்கப்பா நம்பர் போட்டுட்டுத்தான் பிரிப்பாரு” என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்று முதல் எங்கள் வகுப்பில் அதுதான் நடைமுறை. சாக்பீஸ் எண்ணோ, நோட்டில் மேல்தோற்றம், முன்தோற்றம், பக்கத்தோற்றம் வரைவதோ, எத்தனை கட்டை, என்ன நிறம் என்ற பட்டியலோ, ஏதோ ஒன்று முடிந்த பிறகுதான் பிரிக்கலாம். வேறொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து அதே பாலத்தை மறுநாள் கட்டிவிட்டால் குறிப்பு சரி. கட்ட முடியாவிட்டால் குறிப்பில் எது விட்டுப்போனது என்று இரு குழுவும் சண்டை போடும். மொழிப்பாட ஆசிரியர்கள் அந்தச் சண்டையைக் கேட்க வேண்டும். ‘மேலே’, ‘ஓரத்தில்’, ‘ஒன்று விட்டு ஒன்று’ என்ற சொற்களுக்கெல்லாம் அங்கே உயிர் வந்துவிடும்.

நேரம்தான் சிக்கல். ஒரு பாடவேளைக்குள் கட்டவும் வரையவும் பிரிக்கவும் முடியாது. ஜன்னல் ஓரத்தில் ஒரு பலகையை ஒதுக்கி, கட்டியது மறுநாள் இறைவணக்கக் கூட்டம் முடியும்வரை நிற்கலாம் என்று வைத்தால் போதும். பலகையில் இடம் இருப்பவை மட்டும் நிற்கும். எதை இன்னும் ஒருநாள் வைப்பது என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும். பிரிப்பது கட்டியவர் மட்டுமே. அவர் அன்று வரவில்லை என்றால் காத்திருக்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது. வாரக் கடைசியில் கட்டைகளை எண்ணிப் பதிவது மாணவர் பொறுப்பு. குறைந்தால் அந்த எண்ணையே எழுதித் தேதி போட்டு வைக்கிறோம். பதிவேட்டுக்கும் அது உதவுகிறது.

எல்லாருக்கும் இந்த விதி பொருந்தாது. ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தைக்குத் தான் வரிசையாக அடுக்கியதைக் கலைப்பது தாங்க முடியாததாக இருக்கலாம். சிறப்பாசிரியரிடம் கலந்து பேசி, சில கட்டைகளை அந்தக் குழந்தைக்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. மறுபக்கம், ஒருபோதும் பிரிக்கப்படாத பொருள்களும் நம் பள்ளிகளில் உண்டு. என்றைக்கோ அறிவியல் கண்காட்சிக்குச் செய்த தெர்மாகோல் எரிமலை இன்னும் எத்தனை பீரோக்களின் மேல் தூசியோடு இருக்கிறதோ! அதைச் செய்தவர்கள் இப்போது கல்லூரி முடித்திருப்பார்கள்.

பெட்டியே இல்லாத பள்ளிக்கு ஒரு வழி. 1970களின் இறுதியில், புனேயில் லாரி தொழிற்சாலைப் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்கு வந்தபோது, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் கொண்டு ஓர் இணைப்புப் பொம்மைத் தொகுதி செய்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சி காட்டூரில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றச் செயல்பாடுகளோடும் இதை எளிதில் சேர்த்துக்கொள்ளலாம். குச்சியின் மருந்தை முதலில் நீங்களே சுரண்டிவிடுங்கள். வால்வ் டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கினால், ஒரு துண்டின் இரு முனையிலும் குச்சியைச் செருகலாம். மூன்றாவது குச்சிக்குத் துண்டின் நடுவே கருவேல முள்ளால் துளை போட வேண்டும். எத்தனை முறை உருவினாலும் மீண்டும் செருகலாம். நான்கு குச்சியில் சதுரம் செய்து ஒரு மூலையைத் தள்ளச் சொல்லுங்கள், சாய்ந்துவிடும். ஒரு குச்சியை உருவி முக்கோணமாக்கச் சொல்லுங்கள், அசையாது. ஊருக்கு வெளியே வரிசையாக நிற்கும் மின்கோபுரங்களில் ஏன் இத்தனை குறுக்குச் சட்டங்கள் என்று கேட்பதற்கு அதுவே நேரம்.