உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்கள்

1990 ஜூன் 11. கிழக்கில் பொலிஸ் நிலையம் நிலையமாகப் புலிகள் வளைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த கட்டளை, சரணடையுங்கள் என்பது. பிரேமதாச அரசுக்குப் பேச்சுவார்த்தை முறியக் கூடாது. நீதி அமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீத் அதற்காகவே யாழ்ப்பாணம் போய்வந்துகொண்டிருந்தார். ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களைப் புலிகள் கைகளைக் கட்டிக் கொண்டுபோனார்கள். சிங்கள, முஸ்லிம் பொலிஸாரைச் சுட்டுக் கொன்றார்கள். திருக்கோவிலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ரூபஸ்குளம் காடு கொலைக்களங்களில் ஒன்று. 400 முதல் 600 பேர் என்கிறது ஹியூமன் ரைட்ஸ் வோட்ச். 600க்கு மேல் என்பதே இங்கு பேச்சு.

கொல்லப்பட்ட முஸ்லிம் பொலிஸாரின் குடும்பங்களுக்கு, சம்மாந்துறை போன்ற முஸ்லிம் ஊரில், மையித்து (உடல்) வராத மௌத்து (இறப்பு) தனிச் சிக்கல். கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாக் காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? உடல் இல்லாமல் தொழும் காயிப் ஜனாஸாவைத் தொழுதுவிடலாமா, இன்னும் பார்த்திருப்பதா? வயற்காணியைப் பங்கு வைக்கப் போனால் மரண அத்தாட்சிப் பத்திரம் கேட்பார்கள்.

சட்டத்தில், சரணடைந்த இந்தப் பொலிஸார் போர்க்கைதிகளும் இல்லை. அந்தத் தகுதி நாடுகளுக்கு இடையிலான போருக்கு உரியது. ஆனால் உள்நாட்டுப் போரிலும் ஆயுதம் போட்டவனைக் கொல்லக் கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 3ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அவற்றில் 1959லேயே சேர்ந்துவிட்டது.

அப்போது கிழக்கில் புலிகளின் தளபதியாக இருந்த கருணா, கொலைகளைச் செய்தது இயக்கம்தான், தான் அந்த இடத்தில் இல்லை என்றார். 2009 மார்ச்சில் அவர் அரசின் அமைச்சர். அதுவும் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சர்!

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனோர் அலுவலகத்தை உண்டாக்கியது. கடமையில் காணாமற்போன பொலிஸாரும் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். 2018இல் இழப்பீட்டு அலுவலகத்துக்கும் சட்டம் வந்தது. மனுக் கொடுக்க இடம் உண்டு. விசாரணைதான் இல்லை.

வடக்கிலும் இதே வழக்குத்தான். 2009 மேயில் முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்த புலிகள் இயக்கத்தவர் எழிலனைத் தேடி அவர் மனைவி அனந்தி சசிதரன் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். 2022 இறுதியில், ஆளை முன்னிலைப்படுத்து என்று இராணுவத்துக்கு உத்தரவானது. ஆள் வரவில்லை. பொலிஸ்காரரின் குடும்பமும் இயக்கக்காரரின் குடும்பமும் ஒரே கதவைத் தட்டுகின்றன. ஒன்றுக்கு அனுதாபம், மற்றதற்குச் சந்தேகம் என்று பங்கு வைப்பது நியாயமில்லை.

கொன்றவர் மீது வழக்கு என்பது ஒரு பக்கம். அந்த ஜூன் 11இல் எந்த நிலையத்துக்கு, எத்தனை மணிக்கு, யார் வாயால் அந்தக் கட்டளை போனது, சரணடைவோரின் உயிருக்கு யார் பொறுப்பேற்றார் என்ற பதிவுகளை அரசு முதலில் வெளியே வைக்கட்டும். அதற்குப் புதிய ஆணைக்குழு எதுவும் தேவையில்லை.