கன அடி தெரியும்... காடு தெரியுமா?

'பிலிகுண்டுலுவில் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி...' தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சுட்டா, இந்த வரியைக் கேட்காம டி.வி. செய்தி முடியாது. தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. காவிரி நீர் தரணும்னு 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதே, அதை அளக்கிற இடம் இதுதான். சரி, பிலிகுண்டுலு எங்கே இருக்குனு உங்க க்ளாஸ்ல கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் மேட்டூர்னு சொல்வாங்க, மீதிப் பேர் மைசூர்னு அடிச்சு விடுவாங்க. ரெண்டும் இல்லை பாஸ்! நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம்தான்.

ஓசூர்னா சிப்காட், லாரி, ரோஜாப்பூ, பெங்களூரு டிராஃபிக். இவ்வளவுதானே உங்க லிஸ்ட்? தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டினு தெற்கே இறங்கினால் கதையே வேற. ஒரு கரை தமிழ்நாடு, எதிர்க்கரை கர்நாடகா. நடுவில் காவிரி. ரெண்டு கரையிலும் ஒரு பச்சை ரிப்பன் மாதிரி ஓடுகிறது ஆற்றோரக் காடு.

கொஞ்சம் மேட்டில் ஏறி நின்றால் உசிலை, வேலம், ஆச்சா. கோடை வந்தால் இலையை உதிர்த்துவிட்டு எலும்பாக நிற்கும் வறண்ட காடு அது. ஆனால், கரையில் மட்டும் பச்சை மாறாது. நீர்மருது, நாவல், புங்கன், அத்தி, புளினு எல்லாம் கலந்து கட்டி நிற்கும். வெள்ளத்தில் முங்கி, வெயிலில் காய்ந்து, மறுபடி முங்கி வாழும் மரங்கள் இவை. அதனால் இது காடும்தான், ஈரநிலமும்தான்!

தண்ணிக்குள்ள மூச்சு விடறது எப்படி?

நம்ம வீட்டுத் தொட்டியில் தண்ணி தேங்கினால் செடி அழுகிவிடும். காரணம் சிம்பிள். மண்ணில் இருக்கிற காற்று இடைவெளியை எல்லாம் தண்ணீர் நிரப்பிடும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்ஸிஜன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். வேர் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

ஆற்றோர மரங்கள் இதுக்கு வழி வெச்சிருக்கு. வெள்ளத்தைத் தாங்கும் பல மரங்களில், பட்டையில் இருக்கிற குட்டித் துளைகள் பெரிதாகிக் காற்றை இழுக்கும். சிலது தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்திலேயே அடிமரத்தில் புது வேர் விடும். பாறை இடுக்கில் ஹோமோனோயா ரைபேரியானு ஒரு புதர் இருக்கு. அரளி மாதிரி நீள இலை. வெள்ளம் வந்தால் அப்படியே வளைந்து படுத்துக்கும், வடிந்ததும் நிமிர்ந்துக்கும். ஷாக் அப்சார்பர் டிசைன் பண்றவங்க வந்து நோட்ஸ் எடுக்கலாம்!

வெள்ளம் இந்தக் காட்டுக்கு எதிரி இல்லை, தபால்காரன். புங்கன் காய் மிதந்து போய் அடுத்த கரையில் ஒதுங்கும். ஆற்றோர வில்லோ மர விதை பஞ்சோடு பறக்கும். ஆயுசு ரொம்பக் குறைவு. வெள்ளம் வடிந்து மணல் ஈரமாக இருக்கும்போது விழுந்தால்தான் முளைக்கும். கடிகாரம் மாதிரி நேரம் தப்பக்கூடாது.

மேலே கிளைகள் கோத்து நிற்பதால், சாம்பல் நிற மலை அணிலுக்கு அது ஹைவே. மரத்துக்கு மரம் தாவியே வாழும். நடுவில் நாலு மரம் வெட்டினால் ரோடு கட்! கீழே வேர் இடுக்கில் நீர்நாய், மணலில் முதலை.

இதை அரசும் உணர்ந்துதான் 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தையும், 2022-ல் 686 சதுர கிலோமீட்டருக்குக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தையும் அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால், மேகதாதுவில் சுமார் 67 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டும் கர்நாடகாவின் திட்டம் தொடர்ந்து பேசப்படுகிறது. நாம் எவ்வளவு தண்ணீர் வரும்னு மட்டும் கேட்கிறோம். எப்போ வரும், எப்படி வரும்ங்கிறதுதான் நீர்மருதுக்கும் நாவலுக்கும் வாழ்வா சாவா பிரச்னை.

சரணாலயத்துக்கு வெளியே?

இப்போ ஓசூருக்குத் திரும்புவோம். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையிலிருந்து பனிமலை மாதிரி நுரை பொங்கும் படத்தை நீங்க பேப்பரில் பலமுறை பார்த்திருப்பீங்க.

இங்கேதான் கரைக்காடு ஒரு ஃபில்டர். காற்றில்லாத ஈரமண்ணில் இருக்கும் பாக்டீரியா, ஆக்ஸிஜனுக்குப் பதில் நைட்ரேட்டை எடுத்துக்கிட்டு, அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுடும். அதுக்குத் தீனி, மரம் உதிர்க்கும் இலையும் வேரும். வயலில் இருந்து ஓடிவரும் உரத்தை ஆற்றுக்குப் போகும் முன் தடுக்கும் செக்போஸ்ட் இது. அதுக்காக, குழாய் போட்டு நேரே ஆற்றில் விடும் சாக்கடையையும் சோப்பு நுரையையும் மரம் பார்த்துக்கும்னு விட்டுட முடியாது. அதுக்குச் சுத்திகரிப்பு நிலையம்தான் வேணும்.

சட்டம் காப்பாத்தாதா? இங்கேதான் ட்விஸ்ட். உலக அளவிலான ராம்சர் ஒப்பந்தம் ஆற்றையும் ஈரநிலமாகவே பார்க்கிறது. ஆனால், நம் நாட்டின் 2017-ம் வருட ஈரநில விதிகள், ஆற்றுப் பாதையை ஈரநிலக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வனச் சட்டமோ காட்டுக்குள் மட்டும்தான். ஆக, காப்புக்காட்டுக்கு வெளியே தென்பெண்ணைக் கரையில் நிற்கும் புங்கனும் மருதும் அந்தக் கணக்கிலும் வராது, இந்தக் கணக்கிலும் வராது. கோத்தகிரியின் லாங்வுட் சோலை 2024-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. காடும் ஈரநிலமாக முடியும்னு அங்கே ஒத்துக்கிட்டோமே, ஆற்றங்கரைக்கு மட்டும் ஏன் தயக்கம்?

நீங்க என்ன செய்யலாம்? சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாம போகாதீங்க, அங்கே யானைங்க இருக்கு! அதுக்குப் பதிலா உங்க ஊர் ஆத்தங்கரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட போங்க. எத்தனை மருது, எத்தனை நாவல், எவ்வளவு தூரம் சீமைக்கருவேலம்னு எண்ணி, மேப்போட கிராம சபையில் கொடுங்க. கன அடியை அளக்க ஆள் இருக்காங்க. மரத்தை எண்ண நீங்கதான் போகணும்!